வண்டியில் குறையும் தண்ணீர், கல்லாவில் குறையும் பணம்



வரி பற்றியும், எடை அளவுச் சட்டம் பற்றியும், உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றியும் நமது இதழில் கட்டுரைகள் வருவது வழக்கம். இந்த முறை நம்மில் பலர் தினமும் ஏறி இறங்கும் ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது நமது பழைய வண்டி.

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டியை இன்றும் நம் கடை வாசல்களில் காணலாம். 2014-இல் தயாரிப்பு நின்று போன அம்பாசடரைக்கூட விற்க மனமின்றி வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த வண்டிகளைக் குறை சொல்வதற்கில்லை. பழசானால் ரப்பர் இறுகும், தகரம் துருப்பிடிக்கும், மனிதனுக்கு மூட்டு வலிப்பது போல. குறை வண்டியில் இல்லை. பார்த்தும் பாராமல் இருக்கும் நம்மிடத்தில்தான் இருக்கிறது. இதை நான் பிறருக்குச் சொல்லவில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம்

நான் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருப்பவன். பருப்பு, வத்தல், எண்ணெய் எடுக்க வாரம் இரு முறை விருதுநகர் மார்க்கெட்டுக்குச் சென்று வருவேன். வண்டி பதினைந்து வயதைத் தாண்டிய வேன். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் வகை.

2023-ஆம் ஆண்டு ஆவணி மாத வாக்கில் ரேடியேட்டரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. காலையில் கடை திறக்குமுன் மூடியைத் திறந்து பார்ப்பேன். கால் லிட்டர், அரை லிட்டர் பிடிக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விடுவேன். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆகவே, "பழைய வண்டி, வெயில் காலம், ஆவியாகிப் போகிறது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு துவரம்பருப்பு, உளுந்து, கடலை மாவு, எண்ணெய் டின்கள் என்று வண்டி நிறையச் சரக்கு ஏற்றி வந்து கொண்டிருந்தோம். நான்கு வழிச் சாலையில் பாதி தூரம் வந்தபோது இருக்கைக்கு அடியிலிருந்து நீராவி வாடை வந்தது. வெப்பமானியைப் பார்த்தேன். முள் மேலே ஏறிப் பின் கீழே இறங்கியிருந்தது. "சூடு தணிந்துவிட்டது" என்று எண்ணி மேலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எஞ்சின் தானாகவே நின்றது. நான் போனில் மெக்கானிக்கை அழைத்துக் கொண்டிருந்தேன். என் கடையில் வேலை பார்க்கும் தம்பி, உதவி செய்யும் எண்ணத்தில், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொண்டு போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விட்டார். மூடி தெறித்தது. கொதிநீர் வலது கையில் முழங்கை வரை கொட்டியது.

பருப்பு மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பி அந்தத் தீபாவளியைக் கையில் கட்டோடு கழித்தார். மருத்துவச் செலவு என்னுடையது; அது பெரிதல்ல. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்றும் உறுத்துகிறது.

"நீங்கதானே அண்ணாச்சி தினமும் தொறந்து தண்ணி ஊத்துவீங்க. அதைப் பார்த்துத்தான் நானும் தொறந்தேன்."

காலையில் ஆறிக் கிடக்கும் எஞ்சினுக்கும், ஓடிச் சூடேறிய எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அவருக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மெக்கானிக் கேட்ட கேள்வி

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். எங்கள் ஊர் மெக்கானிக் பாய் விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, கடையில சீனி மூட்டை தினமும் அரைக் கிலோ குறைஞ்சா, தினமும் அரைக் கிலோ கொட்டி நிரப்பிட்டுச் சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

சீனி குறைந்தால் எலியா, ஈரமா, தராசா, ஆளா என்று தேடுவோம். தண்ணீருக்கும் அதே விதிதான். மூடியும் குழாய்களும் சரியாக உள்ள வண்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகிப் போவது என்பதே கிடையாது. அது மூடப்பட்ட சுற்று. தினமும் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

என் வண்டியில் ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? எஞ்சினை ஒட்டிய ஒரு சிறிய ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. கசிந்த தண்ணீர் சூடான இரும்பின் மேல் விழுந்து அங்கேயே ஆவியாகிவிட்டதால் தரைக்கு வரவே இல்லை. அந்த ஹோஸின் விலை, ஒரு கிலோ ஏலக்காய் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை மாற்றாததால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, பண்டிகை வியாபாரத்தில் ஒன்பது நாள் வாடகை வண்டியில் சரக்கு எடுத்தேன்.

அதன் பிறகு பாயிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதையே கீழே எழுதுகிறேன். நாமே எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் பட்டறைக்குப் போகுமுன் எங்கே குறை என்று ஓரளவு தெரிந்து போனால் நேரமும் மிச்சம், பணமும் மிச்சம்.

தண்ணீர் செய்யும் வேலை

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலிங் தண்ணீருக்கும், மற்றொரு பங்கு சைலன்ஸர் வழியாகவும் போகிறது. மிஞ்சியதுதான் வண்டியை இழுக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்குச் சூட்டை எடுத்துச் செல்லத் தண்ணீர் இல்லையென்றால் சில நிமிடங்களில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

வாட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. தெர்மோஸ்டாட் வால்வு சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடுகிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, அதுவும் ஒரு வால்வு. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த அழுத்தம் வரை அது தண்ணீரை அடக்கி வைக்கும். நம் வீட்டுக் குக்கர் போலத்தான். அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விலகி, தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பொங்குகிறது. தம்பியின் கையைச் சுட்டது இதுதான்.

முதல் வேலை: கணக்கு எழுதுங்கள்

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர் எத்தனை மில்லி என்ற மூன்று விவரம் போதும். எப்போதும் காலையில், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, ஒரே சமமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரக் கணக்கே பாதிக் குறையைச் சொல்லிவிடும்.

ஓடினால் மட்டும் குறைகிறது என்றால், சூடேறி அழுத்தம் வரும்போது திறக்கும் கசிவு. இரவு நிறுத்தி வைத்தாலே குறைகிறது என்றால், பெரும்பாலும் ஹோஸ் முனைகளில் கிளிப் தளர்ந்திருக்கும். ஆறும்போது ரப்பரும் உலோகமும் சுருங்கி இடைவெளி விடும். ரிசர்வ் டாங்க் நிறைந்து வழிகிறது, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்றால், மூடி கெட்டிருக்கலாம் அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால், சூட்டில் ஆவியாகும் சிறு கசிவு அல்லது எஞ்சினுக்குள்ளேயே நடக்கும் கசிவு.

இரவில் வண்டிக்கு அடியில் சுத்தமான அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். நம் கடையில் அட்டைக்குப் பஞ்சமில்லை. காலையில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறது என்று பாருங்கள். கூலண்ட் என்றால் பச்சையோ, சிவப்போ, நீலமோ நிறம் இருக்கும். விரலுக்கு வழவழப்பாக இருக்கும். ஆயில் என்றால் கறுப்பு அல்லது பழுப்பு. ஏ.சி. வண்டியில் நிறமற்ற சுத்தமான தண்ணீர் சொட்டினால் அது ஏ.சி. தண்ணீர்; பயப்பட வேண்டாம்.

வெளியே ஒழுகும் இடங்கள்

மலிவானதிலிருந்து தொடங்குவதே வியாபாரிக்கு அழகு. இந்த வரிசையில் பாருங்கள்.

1. ரேடியேட்டர் மூடி. எஞ்சின் ஆறிய பின் கழற்றி, உள்ளே உள்ள ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடித்தோ, இறுகியோ, பள்ளம் விழுந்தோ இருந்தால் மூடியையே மாற்றுங்கள். பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் புதிய மூடியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடுதல் அழுத்தமுள்ள மூடி போட்டால் நல்லது என்று எண்ணிப் போட்டால் பழைய ரேடியேட்டர் வெடிக்கும்.

2. ஹோஸ்களும் கிளிப்புகளும். பெரிய ஹோஸ்கள் இரண்டு கண்ணுக்குத் தெரியும். சிறியவை எஞ்சினை ஒட்டி மறைந்திருக்கும். டார்ச் அடித்துத் தேடுங்கள். ஆறிய நிலையில் அழுத்திப் பார்த்தால் கல் போல இறுகியிருக்கக் கூடாது, பஞ்சு போல அமுங்கவும் கூடாது. முனையில் வெள்ளை அல்லது பச்சை உப்புப் படிவு இருந்தால் அங்கே கசிவு நடந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடும்போது ஈரத்தை மட்டும் தேடாதீர்கள். இந்தக் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். நான் விட்டதும் அதைத்தான்.

3. ரேடியேட்டர். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் மடிப்புகளின் நடுவே பச்சைப் பாசி போன்ற படிவு தெரியும். பிற்கால அலுமினிய ரேடியேட்டர்களில் பக்கத்துப் பிளாஸ்டிக் டாங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில்தான் பெரும்பாலும் கசியும்.

4. வாட்டர் பம்ப். பம்பின் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியே வரும். நமக்கு எச்சரிக்கை கொடுப்பதற்காகவே வைத்த துளை அது. ஒழுகுகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்ப் பம்பு மொத்தமும் இறுகும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்பை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

5. டம்மி பிளக். எஞ்சின் பிளாக்கில் தட்டையாக அடித்து வைத்த வட்டத் தகடுகள் இவை. வருடக் கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழும். பிளாக்கின் பக்கவாட்டில் துருக் கோடு வழிந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

கண்ணால் பார்த்துப் பிடிபடவில்லையென்றால், பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில், மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்குக் காற்று ஏற்றுவார்கள். மீட்டர் முள் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால், தண்ணீர் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தேடினால் போதும். மூடியையும் இதே பம்பில் சோதிக்கலாம். வண்டியைச் சூடேற்றி, ஆவிக்குள் கையை விட்டுத் தேடும் ஆபத்தும் இதில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத திருட்டு

வெளியே எங்கும் கசிவில்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் இந்தத் தகடு போனால் தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகும். சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வரும். அடையாளங்கள் இவை:

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்ணெய் போன்ற படிவு இருக்கும். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் மூடியில் சிறிது இப்படிப் படியலாம். ஆயில் குச்சியிலும் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இனிப்பு வாடை அடிக்கும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவி இயல்பானது.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, சூடேறுமுன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகும். புகையின் அழுத்தம் தண்ணீருக்குள் ஏறுகிறது என்பதே இதன் பொருள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருக்கும். அந்தச் சிலிண்டருக்குத் தண்ணீர் போகிறது.

ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனையும் உண்டு. எரிந்த புகை கலந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றுமுன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வது நம் உரிமை. சந்தேகத்தின் பேரில் ஹெட்டைக் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஹோஸ் ஒன்று வெடித்தால் அதே வயதுள்ள மற்ற ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இன்று ஒன்று போனால் நாளை அடுத்தது போகும். தோட்டத்துக் குழாயை வெட்டிப் போடுவது ஒரு நாள் தாங்காது. கிளிப்பைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் ரப்பர் அறுபடும். இறுக்கமாக உட்கார்ந்தால் போதும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் டாங்க் உள்ள அலுமினிய ரேடியேட்டருக்கு அது ஒத்துவராது; மாற்றுவதே நல்லது. வாட்டர் பம்ப் சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் வெளியே வரும். அப்படியானால் பெல்ட்டின் வயதையும் கேட்டுக் கொண்டு, இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிடுங்கள்.

ஹெட் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடக் கூடாது. நேர்ப்பட்டையை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து வளைவு பார்க்க வேண்டும். சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அனுமதி. அதற்கு மேல் இருந்தால் லேத்தில் கொடுத்துப் பேஸிங் செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரென்ச் கொண்டு குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். கை அளவில் முறுக்கினால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே செலவு.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று சொல்லி அதைக் கழற்றிப் போடும் வழக்கம் உண்டு. நான் கேட்டபோது பாய் சிரித்தார். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமாகும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிச் சூடு அதிகமாவதும் உண்டு. கெட்டிருந்தால் புதிது போடுங்கள்; எடுத்துவிடாதீர்கள்.

வேலை முடிந்து தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, மெதுவான ஓட்டத்தில் விட்டு, குமிழிகள் அடங்கும் வரை நிரப்பிக் கொண்டு வந்து, பிறகு மூட வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் அதையும் திறந்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆறிய பின் மீண்டும் ஒரு முறை அளவு பாருங்கள்.

மஞ்சள் தூள் வைத்தியம்

நம் கடைச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். அது பொய்யல்ல. மஞ்சளில் உள்ள மாவு சூட்டில் கஞ்சி போல வீங்கி, தூளோடு சேர்ந்து ஊசி முனை ஓட்டையில் போய் அடைத்துக் கொள்ளும். ஆள் அரவமற்ற சாலையில் வீடு வந்து சேர அது உதவியிருக்கிறது.

ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அது படியும். ஒழுகல் நின்றுவிட்டது என்று அப்படியே ஓட்டினால், சில மாதத்தில் தண்ணீர் இருந்தும் வண்டி சூடாகும். கடையில் விற்கும் கசிவடைப்பு மருந்துகளுக்கும் இதே குணம் உண்டு. வழியில் போட்டால் தவறில்லை. ஊர் வந்ததும் ஓட்டையைச் சரிசெய்து, உள்ளே முழுவதும் கழுவி எடுத்துவிட வேண்டும். கடன் வாங்கி வாடகை கட்டுவது போன்றதுதான் இது. ஒரு மாதம் தாங்கும், அதுவே வழக்கமானால் கடை மூடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதே பொருக்கு எஞ்சினுக்குள்ளும் கட்டும், சூடு வெளியேறாது. ஆகவே கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். பாதிக்குப் பாதி என்பது பொதுவான அளவு. டப்பாவில் எழுதியுள்ளதைப் பின்பற்றுங்கள். கலந்தே வரும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

"பனி உறையும் நாட்டுக்குத்தானே கூலண்ட், நமக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது துருவைத் தடுக்கவும், கொதிநிலையைக் கூட்டவும் வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வகை தெரியாமல் இரண்டைக் கலக்கவும் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கூலண்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கடும் விஷம். நாம் உணவுப் பொருள் விற்பவர்கள். கூலண்டைக் காலி எண்ணெய்ப் பாட்டிலிலோ, ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கடைக்குள் வைக்கவே கூடாது. சிந்தியதைக் கழுவிவிடுங்கள், நாய், பூனை நக்கும். கூலண்ட் ஒழுகும் வண்டியில் பருப்பு, அரிசி மூட்டைகளைத் தரையோடு தரையாக அடுக்காதீர்கள்.

வழியில் சூடானால்

முள் மேலே ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணையுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று எண்ணாதீர்கள். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் இன்னும் ஆபத்து. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீரே இல்லாமல் போனால் முள் இறங்கிவிடும். நான் சூடு தணிந்ததாக நினைத்தது இதைப் பார்த்துத்தான்.

குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துச் சூடு நன்றாக ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அப்போதும் கெட்டியான சாக்கை நான்கு மடிப்பாக மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் திருப்பம் மட்டும் திருகி, ஆவி முழுவதும் போன பிறகே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

யாருக்காவது கை சுட்டுவிட்டால், உடனே மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டச் சொல்லுங்கள். மை, பற்பசை, எண்ணெய், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று எங்களிடம் இருந்தது குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டில் தண்ணீர் மட்டுமே. இப்போது என் வண்டியில் ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு எப்போதும் இருக்கும். ஒன்று வண்டிக்கு, ஒன்று மனிதருக்கு.

முடிவாக

மாதச் சரக்கு இருப்புப் பார்க்கும் நாளில் வண்டிக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தண்ணீர் அளவு, மூடி, ஹோஸ், பெல்ட், காய்ந்த தடம் ஆகிய ஐந்தையும் பார்த்து நோட்டில் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் கடையில் உள்ள தம்பிகளையும் பக்கத்தில் நிற்க வைத்துக் கொள்ளுங்கள். நாம் செய்வதைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக் கொள்கிறார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

தம்பியின் கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. இப்போது எங்கள் வண்டியின் தண்ணீர்க் கணக்கை எழுதுபவர் அவர்தான். சென்ற மாதம் ஒரு நாள், "அண்ணாச்சி, இந்த வாரம் நூறு மில்லி குறையுது" என்று நோட்டைக் கொண்டு வந்து நீட்டினார். அன்று சாயங்காலமே கடையைச் சற்று முன்னதாக அடைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனோம். மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. பாய் இரண்டு திருப்புத் திருப்பிவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.